பெரியநாயகம் கேட்ட சாம்பல்

நெசவாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று முருகேசன் என் வீட்டுப் படியைத் தேய்த்துவிட்டான். "நம்ம ஊர் பெரிய மனுஷன் யாரப் பத்தியாச்சும் எழுதிக் குடுங்கணா" என்றான். அவன் மனதில் யார் யார் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். மேடை போட்டால் முதல் நாற்காலியில் உட்காருகிறவர்கள், மாலை விழுந்தால் கழற்ற மனம் வராதவர்கள். அவர்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. எழுதினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். அடுத்தவன் தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து, அவன் வீட்டுப் பழைய சோற்றைத் தின்று வளர்ந்தவன். இன்றைக்கு ஆரணியில் சந்திரமோகன் தறிக்கூடம் என்றால் ஆட்டோக்காரன் வழி கேட்க மாட்டான். யார் காலையும் பிடித்து இதைச் சம்பாதிக்கவில்லை. அதனால் யாரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் பெரியநாயகத்தைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் முருகேசன் இஷ்டம்.

பெரியநாயகம் என் வயதுக்காரன். இருவரும் ஒரே முதலாளியிடம் எடுபிடியாக இருந்தோம். நான் தறிக்குப் போனேன், அவன் பாவு பிணைக்கப் போனான். வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்: சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் பழைய இழையின் நுனியோடு புதிய இழையின் நுனியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடிச்சுப் போடக் கூடாது. விரலைச் சாம்பலில் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே முறுக்கு. சாம்பல் தொடாவிட்டால் பட்டு விரலில் வழுக்கும். பெரியநாயகம் முறுக்கிய இடத்தைக் கண்ணாடி வைத்துத் தேடினாலும் தெரியாது. இதை நான் சொல்வதால் நம்பலாம், நான் யாரையும் லேசில் புகழ்வதில்லை.

அவன் மனைவி பிரிஸில்லா மஞ்சள் காமாலையில் போனாள். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை, மாதாமாதம் பணம் போட்டுவிடுவான், முகத்தைக் காட்ட மாட்டான். அதோடு பெரியநாயகம் கையைக் கட்டிக்கொண்டான். வேலைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் மூடிக் கிடக்கும் ஒரு கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்காருவான். அவன் முதுகு பட்டுப் பட்டு அந்த ஷட்டரில் எண்ணெய்ப் படம் ஒன்று விழுந்துவிட்டது. சுற்றிலும் பீடித் துண்டு, காறித் துப்பிய எச்சில். தாடியில் நேற்றைய சாம்பார். அந்தப் பக்கம் போனால் நான் வேட்டியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். என்னோடு சோறு தின்றவன் இப்படி ஆனானே என்ற பரிதாபம் எனக்கு வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

இலங்கையில் பெட்ரோலும் பால் மாவும் கிடைக்காமல் ஜனங்கள் படகேறி வந்த வருஷம் அது. ஒரு நாள் காலையில் பெரியநாயகம் என் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றான்.

"மோகனா, அந்தப் பழைய தறி வூடு சும்மாதான பூட்டிக் கெடக்குது?"

"உனக்கு இன்னாத்துக்கு அது? மொதல்ல நாலடி தள்ளி நில்லு. குளிச்சி எத்தினி நாளாச்சி?"

"குளிச்சா வூடு குடுப்பியா?"

"யாருக்குய்யா?"

"ஒரு குடும்பம் வருது. மன்னார்ல இருந்து போட்ல வந்தவங்க. புருஷன், பொண்டாட்டி, ஒரு பொம்பளப் புள்ள. மண்டபம் முகாம்ல இருந்து இந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க. இங்க முகாம்ல எடம் இல்ல, வெளிய தங்கலாம்னு ஆபீசர் எழுதிக் குடுத்துட்டாரு. வூடு வோணும்."

"உங்க சர்ச்சு ஜனம் எங்க போச்சி? அவங்க வூடெல்லாம் மாடி மேல மாடியாதான இருக்குது?"

அப்போது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஞாயித்துக்கெழம ஃபாதர் பூசையில கேட்டாரு மோகனா. ஒரு வூடு யாராச்சும் குடுக்க முடியுமான்னு. அத்தினி பேரும் தரையப் பாத்தாங்க. அப்ப பாத்து தரையில இன்னா முளைச்சிச்சோ தெரியல. அந்நியனா இருந்தேன் என்னை ஏத்துக்கினீங்கன்னு அப்பத்தான் பைபிள் வாசகம் வாசிச்சி முடிச்சாங்க. வாசிச்சவனே தரையப் பாக்கறான். பின்னாடி தூணாண்ட நின்னுகினு இருந்தவன், நான் பாக்கறேன் ஃபாதர்னு கத்திட்டேன். எல்லாம் திரும்பி என் தாடியப் பாத்து சிரிச்சாங்க."

சிரித்தார்கள் என்று அவன் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் கோபத்தில் வீடு கொடுக்கிறவன் அல்ல. "குளிச்சிட்டு வா, பேசலாம்" என்று அனுப்பினேன்.

மறுநாள் விடியும்போதே வந்துவிட்டான். தலையில் ஈரம் சொட்டுகிறது, தாடி இல்லை, சவரக் கத்தி கிழித்த இடத்தில் ரத்தம். "குளிச்சிட்டேன். சாவியக் குடு" என்று கையை நீட்டினான்.

நெசவுத் தெருவில் இருக்கும் அந்த வீடு நான் முதல் முதலில் சம்பாதித்து வாங்கியது. தெருவில் மற்ற வீடெல்லாம் சொந்தபந்தம், ஒருவனுக்கொருவன் மாமன் மச்சான். நான் ஒருவன்தான் காசு கொடுத்து உள்ளே நுழைந்தவன். அந்த ஜனத்தின் குணம் எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே சொன்னேன். "பாரு பெரியநாயகம். தெருக்காரங்க ஒரு கொற சொல்லிகினு என் வாசலுக்கு வந்தா, அன்னிக்கே வூட்டப் பூட்டிடுவேன். பூட்டு அங்கதான் தொங்கும். நான் சொன்னா சொன்னதுதான்."

"கொற வராது. வந்தா என் கழுத்தப் புடி."

வீட்டின் நிலைக்கொண்டியில் அந்தப் பெரிய பித்தளைப் பூட்டைத் திறந்தபடி மாட்டிவைத்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். எதற்கு என்று கேட்ட தெருக்காரர்களுக்கும் அதையே சொன்னேன்.

அந்த வீட்டுக்குள் அவன் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். தறிக் குழியில் மழைத் தண்ணீர் இறங்கி, கறுப்பாகப் புளித்து, பெருச்சாளி ஒன்று அதில் செத்து ஊறிக் கிடந்தது. அதை வாளியால் மொண்டு ஊற்றினான். சுவரில் புறா எச்சம் விரல் கனத்துக்கு. அதைச் சுரண்டினான். குழந்தை விழுந்துவிடும் என்று குழியை மணல் போட்டு மூடினான். என் கூடத்து ஆட்களை அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். தன் மேல் கிடந்த அழுக்கைப் பற்றி வருஷக்கணக்கில் கவலைப்படாதவன், யாரோ முகம் தெரியாத பெண்பிள்ளை நடக்கப் போகும் தரையை மண்டியிட்டுத் தேய்க்கிறான். என் வீட்டுக்காரி உண்ணாமலை எட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு இன்னா சாமி வந்துச்சா?" என்றாள்.

வந்தார்கள். புருஷன் பெயர் குரூஸ், மீன்பிடிக்கிறவன், உப்பில் வெந்த கறுப்பு. மனைவி டிலானி. பெண்ணுக்கு ஐந்து வயது இருக்கும், அம்மாவின் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே நின்றது. ஒரு பையும் ஒரு சாக்கும்தான் சாமான். டிலானி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இது காணும் ஐயா" என்றாள். போதும் என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்களாம். பெரியநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைக்கப் போனவன், குழந்தையைப் பார்த்துவிட்டு அதைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டான்.

இனிமேல் நான் எழுதப்போவது அன்பழகனுக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

அன்பழகன் நம் ஊரில் வரவேற்புக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறான். யார் வந்தாலும் வரவேற்பான், யார் செத்தாலும் ஃபிளெக்ஸ் அடிப்பான். மூன்றாம் நாள் பத்துப் பேரோடும் ஒரு கேமராக்காரனோடும் வந்தான். "ஈழத்துச் சொந்தங்களே" என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் பேசினான். பிறகு மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே பழந்துணி. வியர்வை காய்ந்து வெள்ளை பூத்த அக்குள் உள்ள ரவிக்கை. நடுவில் எலி தின்ற பட்டுச் சேலை, ஆரணிப் பட்டு வேறு, நம் மானத்தை வாங்க. கறை போகாத பாவாடை. ஒற்றைக்கால் செருப்பு. தேதி முடிந்த பிஸ்கட்டு. அந்த மூட்டையிலிருந்து எழுந்த வாடை இருக்கிறதே, தறிக் குழியில் ஊறிய பெருச்சாளி தேவலை.

கடைசியாகக் கேஸ் அடுப்பு. புது அட்டைப்பெட்டி, பளபளவென்று. குரூஸின் கையில் ஒரு முனை, அன்பழகன் கையில் ஒரு முனை, படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

பெரியநாயகம் ஆட்டோவை மறித்தான். "அடுப்ப எங்க எடுத்துகினு போறீங்க?"

"உள்ள அடுப்பு இல்ல பெரியவரே. சும்மா பெட்டிதான். ஸ்பான்சர் இன்னும் வரல. வந்ததும் குடுத்துடுவோம்."

"அப்ப இன்னாத்துக்குடா போட்டோ?"

"இன்னா பேஜார் பண்றீங்க? நாங்க சேவ பண்றோம். நீங்க ஷட்டராண்ட படுத்துகினு இருந்தவரு, எங்களக் கேள்வி கேக்கறீங்க."

பெரியநாயகம் அந்தத் துணி மூட்டையைக் கட்டி, ஆட்டோவுக்குள் அன்பழகன் மடியிலேயே போட்டான். "இதையும் சேத்து எடுத்துகினு போ. ஸ்பான்சர் பொண்டாட்டிக்கு ஆவும்."

நான் எதிர்ப்பக்கம் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் பழைய பெரியநாயகத்தை அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன்.

அடுப்பு வரவே இல்லை. டிலானி பின்கட்டில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தாள். அதற்கும் தெருவில் முணுமுணுப்பு. புகை வருகிறதாம், துணியெல்லாம் கறுக்கிறதாம். தங்கள் ஆத்தாள் எதில் சமைத்தாள் என்பது ஒருவனுக்கும் நினைவில்லை. ஆனால் யாரும் என் வாசலுக்கு வரவில்லை. பெரியநாயகம் தினமும் அந்த வீட்டுக்குப் போவான். ஆஸ்பத்திரி எங்கே, ரேஷன் கடை எங்கே, எந்த அதிகாரியிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம் கூடவே அலைந்தான். மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகும்போது குரூஸுக்கு முன்னால் இவன் போய் வரிசையில் நின்றுகொள்வான். போகும் வழியில் ஷட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். வாசலில் தொங்கும் பூட்டை மட்டும் வரும்போதும் போகும்போதும் ஒரு பார்வை பார்ப்பான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாவுக்குக் கஞ்சி போட்டு, விடியற்காலையில் தெரு நெடுக நீட்டி, மூங்கில் கால்களில் நிறுத்திக் காயவைத்துச் சீர் செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இழை விறைத்துப் படபடவென்று அறும். இது ஒரு வீட்டு ஆளால் ஆகாது. அதனால் யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கை கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் அந்த வீடு தெருவில் சேர்த்தி. கூப்பிடாவிட்டால் அது தெருவில் இருந்தும் இல்லாத வீடு. குரூஸை யாரும் கூப்பிடவில்லை. அவன் ஒவ்வொரு பாவு நாளும் குளித்து, சட்டை போட்டு, வாசற்படியில் நிற்பான். கூப்பிட மாட்டார்கள். உள்ளே போய்விடுவான்.

ஒரு திங்கட்கிழமை பரசுராமன் வீட்டுப் பாவு. தெருவில் வாய் பெரியது அவனுக்குத்தான். மாம்பழ நிறப் பட்டு, கல்யாண ஆர்டர். பாவு நீட்டி முடிந்த சமயம், அவன் அண்ணன் மகன் கிரண் மோட்டார்பைக்கில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். முன்சக்கரம் நேராகப் பாவுக்குள். ஒரு பக்கமாக ஒரு கொத்து இழை அறுந்து தொங்கிற்று. பையன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

பரசுராமன் தலையில் அடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினான். பாவைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் முனைகளைக் கட்டையில் மாட்டிவிட்டுச் சண்டை பார்க்க அவன் பின்னாலேயே ஓடினார்கள். அறுந்த பாவு நடுத்தெருவில் அநாதையாகக் கிடக்கிறது. சண்டை முக்கியம் அவர்களுக்கு.

பெரியநாயகம் அன்றைக்குப் பெண்குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, டோக்கன் வாங்குகிற வரிசையில் நிற்க விடியும் முன்பே போயிருந்தான். குரூஸ் படியில் நின்று பார்த்திருக்கிறான். அறுந்ததைப் பார்த்தும் சும்மா நிற்க அவன் கை விடவில்லை. இறங்கி உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டான். கிழிந்த வலைக்குப் போடுகிற முடிச்சு. இழுத்தால் இறுகும், கடல் இழுத்தாலும் அவிழாது. அவன் ஊரில் அது நல்ல வேலை. இங்கே அது கொலை. தறியில் சீப்புப் போன்ற அச்சு ஒன்று உண்டு. அதன் பல்லுக்குள் இழை போகும், முடிச்சுப் போகாது. முடிச்சு மாட்டினால் பக்கத்து இழையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும்.

சண்டை முடித்து வந்த பரசுராமன் முடிச்சுகளைப் பார்த்தான். அவ்வளவுதான். தெருவே என் வாசலுக்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களாணா உங்க வூட்டு அகதி பண்ண வேலைய! கல்யாணப் பாவு. நாசம் பண்ணிட்டான்."

"அறுத்தது யாரு?"

"அது நம்ம பையன். தெரியாம வுட்டுட்டான். சின்னப் பையன் தான?"

கிரணுக்கு மீசை என் மீசையைவிடப் பெரியது. அறுத்தவன் சின்னப் பையன், சேர்க்கப் பார்த்தவன் நாசகாரன். கூட்டத்தில் ஒருத்தனாவது சிரிப்பான் என்று பார்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பரசுராமன் விடவில்லை. "கொற வந்தா பூட்டிடுவேன்னு நீங்கதான சொன்னீங்க? பூட்டு தொங்கிகினுதான இருக்குது? சொன்ன சொல்ல காப்பாத்துங்க."

என்னை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊரில் என் சொல்லுக்குத்தான் வியாபாரி சரக்குக் கொடுத்தான். சொல் தவறினான் சந்திரமோகன் என்று எவனும் சொன்னதில்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு நடந்தேன்.

குரூஸ் பாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். "நான் பிழை செய்து போட்டன் ஐயா. உதவியெண்டு நினைச்சுத்தான் செய்தனான்." டிலானி வீட்டுக்குள் சாக்கை எடுத்து வைத்துத் துணியைத் திணிக்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, அதற்குள். எத்தனை இடத்தில் இப்படிச் சாக்கைக் கட்டியிருந்தால் அந்தக் கை அவ்வளவு வேகமாகப் போகும்!

அப்போதுதான் பெரியநாயகம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், குனிந்து முடிச்சைப் பார்த்தான். "பாவி, நல்லாதான்டா போட்டிருக்க" என்று குரூஸைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான்.

"மோகனா, கொற இன்னா? பாவு வீணாப் போச்சின்றதுதான?"

"ஆமா."

"பாவு சரியாயிட்டா?"

"சரியாயிட்டா கொற ஏது?"

"அப்ப வெயில் ஏர்ற வரைக்கும் பூட்டத் தொடாத. இன்னா பரசுராமா, சரியா?"

பரசுராமன் உதட்டைப் பிதுக்கினான். "இவுரு கை வெச்சி எத்தினி வருஷம் ஆச்சி! கண்ணு வேற ஆப்பரேசன் பண்ண கண்ணு. வெளையாட்டா?"

"உன் பாவு, உன் கண்ணு முன்னாலதான் இருக்குது. பாத்துகினு நில்லு" என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகம் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முடிச்சை வெட்டினால் இழை குட்டையாகிவிடும், நடுவில் ஒரு துண்டு இழை வைத்து இரண்டு பக்கமும் முறுக்க வேண்டும். அதே நிறத்து இழையை வாங்கிக்கொண்டான். பிறகு கையை நீட்டினான். "சாம்பல் கொண்டாங்க."

யாரும் நகரவில்லை.

"காதுல வுழலயா? ஜல்தி! ஒரு கை அடுப்புச் சாம்பல்."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தெரு முழுக்கக் கேஸ் அடுப்பு. பாவு பிணைக்கிறவர்கள் வரும்போது அவர்களே டப்பாவில் கொண்டுவருவார்கள். இவன் டப்பாவைத் தூக்கிப்போட்டு வருஷமாகிறது. ஒருத்தி பவுடர் டப்பாவை நீட்டினாள். "உன் மூஞ்சிக்குப் போட்டுக்க" என்றான். இன்னொருத்தி பூஜை அறையிலிருந்து விபூதிப் பொட்டலம் கொண்டுவந்தாள். அதில் ஏதோ வாசனை கலந்திருந்தது, பட்டில் கறை விடும். வெயில் மேற்குப் பக்கத்து மாடிகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சாம்பல் எங்கட வீட்டில இருக்கு ஐயா. கொண்டு வாறன்."

டிலானிதான். சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி, மூன்று கல் அடுப்பிலிருந்து ஒரு சிரட்டை நிறையச் சலித்த சாம்பலைக் கொண்டுவந்து பெரியநாயகம் முன்னால் வைத்தாள். புகை வருகிறது என்று முணுமுணுத்த அதே அடுப்பின் சாம்பல். அன்பழகன் அந்த அட்டைப்பெட்டிக்குள் நிஜமாகவே அடுப்பு வைத்திருந்தால் அன்றைக்குப் பரசுராமன் பாவு போயிருக்கும். இதை நினைத்து நினைத்து நான் இன்றைக்கும் தனியாகச் சிரிப்பதுண்டு.

பெரியநாயகம் முதல் இரண்டு இழையைத் தவறவிட்டான். கூட்டத்தில் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. மூன்றாவது முறுக்கு விழுந்தது. நாலாவது. அப்புறம் விரல் தன் பாட்டில் போக ஆரம்பித்தது. குரூஸ் எதிரில் உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சை ஒவ்வொன்றாகத் தானே வெட்டி, நுனியைப் பிரித்து நீட்டினான். வலை முடிகிற கை, நுனியைக் கச்சிதமாகக் கொடுத்தது. சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போனில் படம் எடுத்தார்கள். ஒருவன் டீ வாங்கிவந்து ஊதி ஊதிக் குடித்தான். உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஒருத்தனுக்கும் கை நீளவில்லை.

நான் பார்த்தேன். நேராகக் கூடத்துக்குப் போன் போட்டுப் பெரிய தார்ப்பாயை எடுத்துவரச் சொன்னேன். வந்தது. இரண்டு பக்கத்து ஜன்னல் கம்பியிலும் கட்டச் சொன்னேன். ஆட்கள் பற்றவில்லை, ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டேன். சந்திரமோகன் முதலாளி தெருவில் தார்ப்பாய் பிடிக்கிறான் என்று படம் எடுத்தார்கள். "நல்லா எடுங்கடா, மூஞ்சி தெரியற மாதிரி எடுங்க" என்றேன். என்னைப்போல ஒரு முதலாளி கையை உயர்த்திக்கொண்டு நிற்கும்போது தாங்கள் சும்மா நிற்பது சிலருக்கு உறுத்தியிருக்க வேண்டும். மெதுவாக ஒருவன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

நிழலில் இழை விறைக்கவில்லை. வெயில் தெருவை முழுதாகப் பிடிப்பதற்குள் கடைசி முறுக்கும் விழுந்தது. பெரியநாயகம் எழுந்திருக்க முடியாமல் குரூஸின் தோளைப் பிடித்து எழுந்தான். பரசுராமன் பாவின் மேல் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான். எங்கும் தட்டவில்லை. சுருட்டிக்கொண்டு போய்விட்டான். நன்றி என்ற சொல்லை அவன் அப்பன் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கொற இருக்குதா?" என்று அவன் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"இல்ல, இல்ல" என்றான், திரும்பாமல்.

அந்தப் பாவுக்கு மூன்று சேலை, மூன்றும் அறாமல் நெய்து இறங்கியது. பெரியநாயகம் சாம்பல் டப்பா ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தான், நாளில் பாதி. மீதிப் பாதி, எந்தக் குடும்பம் புதிதாக வந்திறங்கினாலும் அவர்களுக்கு. முகாமில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். ஒரு தடவை வந்தவாசியில் ஒரு குடும்பத்துக்கு வீடு பார்க்க பஸ் ஏறிப் போய், வீட்டுக்காரனோடு அடிதடி வரைக்கும் போய், வீட்டைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். பழந்துணி மூட்டை எதைக் கண்டாலும் பிரித்து மோந்து பார்ப்பான். நாறினால் கொடுத்தவன் வீட்டு வாசலிலேயே திரும்ப வைத்துவிட்டு வருவான். பாதி ஊர் அவனோடு பேசுவதில்லை. அவனுக்கு அது சௌகரியம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் தெருவில் நீட்டிய அடுத்த பாவும் பரசுராமனுடையதே. அவன் அண்ணன் வீட்டோடு பேச்சு அற்றுப்போனதால் அந்தப் பக்கத்து ஆட்கள் வரவில்லை. கை குறைந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் குரூஸ் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் பால் வாங்க வந்தவன், நின்றுவிட்டேன்.

"ஏய் சிலோன்! வெளிய வா. பாவுக்கு ஒரு கை கொறையுது."

கதவைத் திறந்தது பெரியநாயகம். கையில் டிலானி போட்டுக் கொடுத்த, பால் ஊற்றாத பிளெயின்டீ. வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே குரூஸ் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யாரக் கூப்புட்ற?"

"அவனத்தான். கஞ்சி காயுது, வழிய வுடு."

"அவனுக்குப் பேர் இருக்குது. பேரச் சொல்லிக் கூப்புடு."

"எனுக்கு இன்னா தெரியும் பேரு?"

"வருஷம் பூரா எதுத்த வூட்ல இருக்கறான். பேர் தெரியாதா? புகை வருதுன்னு சொல்லத் தெரியும். நின்னுகினு இரு. எனுக்கு டீ சூடா இருக்குது, மெதுவாதான் குடிப்பேன்."

தெருவில் பாவு காத்துக்கொண்டிருந்தது. பரசுராமன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் அவனுக்காகப் பேசவில்லை. அவன் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகம்போல ஆயிற்று.

"குரூசு" என்றான். பெரியநாயகம் டீயை ஊதினான். "குரூசு, வாப்பா. பாவுக்கு ஒரு கை குடு."

"ஓம் அண்ணை, வாறன்" என்று குரூஸ் பெரியநாயகத்தின் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தான். போகிற போக்கில் பரசுராமன், "முடிச்சி கிடிச்சி போட்டுடாத" என்றான். தெருவே சிரித்தது. குரூஸும் சிரித்தான். பெரியநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. தெருவை மேலும் கீழும் பார்த்து, மூக்கைச் சுளித்து, "இந்தத் தெருவுல குடியிருக்கறதுக்கு அவன்தான் மூக்கப் பொத்திகினு வரணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தான்.

முருகேசன் நேற்று வந்து, இந்த மலரில் நாலு பக்கம் தள்ளி அன்பழகனும் குரூஸும் அடுப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் வண்ணத்தில் வருகிறது என்றான். வரட்டும். அது காலிப் பெட்டி என்பதை இதைப் படித்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

வாசலில் தொங்கவிட்ட பித்தளைப் பூட்டை, பரசுராமன் பேர் சொல்லிக் கூப்பிட்ட அன்று காலையே நான் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல கனமான பூட்டு, சும்மா கிடக்கக் கூடாது. இப்போது அது என் தறிக்கூடத்துக் கக்கூஸ் கதவில் தொங்குகிறது.